மாமா செய்த அச்சு: பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ஒரு நிகழ்வு ஆய்வு

குன்னூரில் ஒரு சிறிய ரேஞ்சில் பயிற்சி கொடுக்கிறேன். போன வடகிழக்குப் பருவமழையில் தொடங்கி இந்த வருடம் கோடை வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணும் அவள் மாமாவும் பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார்கள். கையால் செய்த குண்டு நிஜமாகவே நன்றாகச் சுடுமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த பதில் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் அடங்காததால் முழுக் கதையையும் வரிசையாகச் சொல்கிறேன்.

பின்னணி

அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் மூன்று வருடப் பழக்கம். ரைஃபிள் கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கிய பழையது. அழுத்தக் காற்று உருளையில் ஓடுவது, உள்ளே ஒவ்வொரு குண்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் உள்ளது. மேட்ச்சில் 60 குண்டு, எலெக்ட்ரானிக் இலக்கு என்றால் 75 நிமிடம். அப்போது அவள் சராசரி 609 பக்கம், அதாவது ஒரு குண்டுக்கு 10.15.

இந்தப் புள்ளிகள் எப்படி வருகின்றன என்பது பழக்கமில்லாதவர்களுக்குத் தெரிய வேண்டும், பின்னால் எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான். பத்தாவது வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. குண்டு 4.5 மி.மீ. குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மி.மீ.க்குள் விழுந்தால் 10.9, அதற்கப்புறம் ஒவ்வொரு கால் மி.மீ. விலகலுக்கும் 0.1 குறையும், இரண்டரை மி.மீ. தள்ளி விழுந்தால் 10.0. ஆக 10.15 சராசரி என்றால் அவளுடைய குண்டுகள் சராசரியாக 2 மி.மீ. விலகி விழுகின்றன என்று அர்த்தம்.

சராசரி அவளுக்குப் பெரிய கவலையாக இல்லை. ஒவ்வொரு மேட்ச்சிலும் ஏழெட்டுக் குண்டுகள் காரணமே தெரியாமல் 9.6, 9.8 என்று போவதுதான் அவளை வாட்டியது. "சார், ட்ரிகர் சுத்தமா வந்துச்சு, சைட் நடுவுல இருந்துச்சு, ஆனா மேலே போயிடுச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். நான் அதைக் கவனக்குறைவு என்று நினைத்து ஃபாலோ த்ரூ, அதாவது சுட்ட பிறகும் ரைஃபிளை அசைக்காமல் பிடிப்பது, பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மேலே என்று அவள் சொன்னதை அன்றே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

கையால் செய்யும் யோசனை எங்கிருந்து வந்தது

எங்கள் பக்கம் துப்பாக்கிப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவ மையம், ஓய்வுபெற்ற சிப்பாய் இல்லாத தெருவே குறைவு. அப்படி ஒருவர் ரேஞ்சுக்கு வந்து, அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் ஜெயிப்பவர்கள் கடைக் குண்டைத் தொடுவதில்லை, கையால் செய்த குண்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யல்ல. பெஞ்ச்ரெஸ்டில் மேசைமேல் ரைஃபிளை வைத்து 100, 200 கஜத்தில் ஐந்து குண்டை ஒரே ஓட்டையில் போடப் பார்ப்பார்கள். அங்கே சிறு பட்டறைகளில் ஒவ்வொன்றாக அழுத்திச் செய்த குண்டுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று பெரிய பெயராக இருக்கும் பெர்கர் நிறுவனமே, வால்ட் பெர்கர் என்ற பெஞ்ச்ரெஸ்ட் வீரர் தனக்குத் திருப்தியான குண்டு வேண்டும் என்று செய்யத் தொடங்கியதில் வந்ததுதான்.

அங்கே அது உதவுவதற்குக் காரணம் சுழற்சி. அந்தக் குண்டுக்கு வெளியே செம்பு உறை, உள்ளே ஈயம். உறையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் துளி தடிப்பாக இருந்தாலும் எடையின் மையம் சுழற்சி அச்சிலிருந்து விலகிவிடும். விநாடிக்கு 3,000 அடி வேகத்தில், 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மரை வெட்டிய பேரலில் வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறை சுழல்கிறது. பேரலை விட்டவுடன் அந்தச் சிறு விலகல் குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே அவர்கள் கையால் செய்வதன் உயிர், ஒரே சீரான உறைகளைப் பொறுக்கி எடுத்து, மிக நேராகக் கடைந்த அச்சில் அழுத்துவதில் இருக்கிறது. கையால் செய்தது என்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. இந்தப் பாதி எங்கள் ரேஞ்சுக்கு வந்த பேச்சில் விட்டுப்போயிருந்தது.

அவள் மாமா டீ ஃபேக்டரிகளுக்கு, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் தீட்டிக் கொடுக்கும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். அந்த ரோலரில் பல் வெட்டுவது நுணுக்கமான வேலை, நூறில் ஒரு மி.மீ. அவருக்குக் கை வந்த அளவு. மருமகள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த ஒரு நாள், பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) டின்னை வாங்கித் திறந்து மைக்ரோமீட்டரில் பத்துப் பதினைந்தை அளந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே அளவா? நான் ஒரு அச்சு செஞ்சு தர்றேன்" என்றிருக்கிறார்.

ஒரு விஷயத்தை முதல் நாளே தெளிவுபடுத்தினேன். நாங்கள் பேசுவது ஏர் ரைஃபிளின் ஈயப் பெல்லட்டைப் பற்றி மட்டும். வெடிமருந்து உள்ள தோட்டாவை வீட்டில் செய்வதோ மறுபடி நிரப்புவதோ நம் நாட்டில் விளையாட்டல்ல, 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தயாரிப்புக்கு உரிமம் வேண்டும். பாயின்ட் 22 தோட்டாவுக்கும் செய்து பார்க்கலாமா என்று அந்த சிப்பாய் கேட்டபோது அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

அச்சும் முதல் அட்டைகளும்

மாமா இரண்டு வாரத்தில் ஒரு கருவியோடு வந்தார். எஃகுக் கட்டையில் துளை, மேலே நெம்புகோல், பெல்லட்டை ஒவ்வொன்றாக அதன் வழியே தள்ள வேண்டும். தள்ளும்போது தலையும் ஸ்கர்ட்டும் ஒரே அளவுக்கு வந்துவிடும் என்பது எண்ணம். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து மெல்லியதாக இருக்கும், அதைத்தான் ஸ்கர்ட் என்கிறோம். உள்ளே சிக்காமல் இருக்கத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. அப்புறம் நகைத் தராசில் எடை பார்த்து 0.53 கிராம் காட்டுவதை மட்டும் எடுத்து வைப்பது. 500 பெல்லட் உள்ள ஒரு டின்னுக்கு இரண்டு முழு மாலை போயிற்று. இதைச் சமையலறை மேசையில் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் உடனே நிறுத்தச் சொன்னேன். ஈயத்தூள் சாப்பாட்டில் போய்ச் சேரக்கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடக்கூடாது. அந்த வாரமே வேலை பட்டறைக்கு மாறியது.

முதல் சோதனை ரேஞ்சில் நடந்தது. பெஞ்சில் மூட்டை வைத்துச் சாய்த்து மாமாவின் குண்டு ஐந்து, டின் குண்டு ஐந்து. மாமாவின் ஐந்தும் ஒரே ஓட்டை மாதிரி, மிகத் தள்ளி விழுந்த இரண்டுக்கும் இடையே மையத்துக்கு மையம் 1.2 மி.மீ. டின் குண்டு 2.4. எல்லாரும் கை தட்டினோம், நானும்தான். அடுத்த ஞாயிறு கோயம்புத்தூரில் ஒரு மேட்ச், அதில் அவள் 614.2 போட்டாள். அவள் வாழ்க்கையிலேயே அதுவரை அதுதான் அதிகம், 9.9-க்குக் கீழே இரண்டே குண்டு.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது வெற்றிக் கதையாக முடிந்திருக்கும், நான் எல்லா மாணவர்களையும் அச்சுப் பக்கம் அனுப்பியிருப்பேன்.

சந்தேகம் வந்த இடம்

எனக்கு உறுத்தியது அந்த ஐந்து குண்டு. ஐந்து குண்டு வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று மாணவர்களிடம் நானே சொல்வேன், ஏனென்றால் அதே டின்னில் எடுத்த அதே குண்டே ஒரு முறை 1.2, அடுத்த முறை 2.6 என்று விழும். இரண்டாவது உறுத்தல் கணக்கில். 0.01 கிராம் எடை வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 2 சதவீதம், அதே காற்று உந்தும்போது வேகத்தில் 1 சதவீதம் குறையும். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பத்து மீட்டர் போவதற்குள் குண்டு சுமார் 17 மி.மீ. கீழே இறங்குகிறது, வேகம் 1 சதவீதம் மாறினால் இறக்கம் 2 சதவீதம் மாறும், அதாவது 0.34 மி.மீ. அது ஒரு தசமப் புள்ளியைவிடச் சற்று அதிகம். நல்ல மேட்ச் டின்னில் பெரும்பாலான பெல்லட்டுகள் அதில் பாதி வித்தியாசம்கூட இல்லாமல்தான் இருக்கின்றன. ஆகவே எடை பார்ப்பதால் மட்டும் ஐந்து புள்ளி ஏறுவதற்கு வழியே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். எடையின் மையம் ஒரு பக்கம் விலகியிருப்பதை எந்தத் தராசும் காட்டாது. ஏர் ரைஃபிள் பெல்லட்டும் சுழல்கிறது, நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல். மையம் நூறில் ஒரு மி.மீ. விலகியிருந்தால், அந்தச் சுழற்சியில் பத்து மீட்டரில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மி.மீ. வரை தள்ளிவிடும். மாமாவின் மைக்ரோமீட்டர் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவே அந்த நூறில் ஒன்றுதான். அச்சின் துளை அந்த அளவுக்குக் கோணியிருந்தாலோ, தள்ளும் கம்பி பெல்லட்டின் ஒரு பக்கத்தில் அழுத்தினாலோ, சரி செய்வதாக நினைத்து நாங்களே கெடுத்துக்கொண்டிருப்போம்.

ஆனாலும் 614 நிஜம். அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

மாமாவிடம் நேராகப் போய், "அண்ணா, இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம், உங்கள் கையாலேயே ரைஃபிளைப் பிடிக்க ஒரு வைஸ் செய்து தாருங்கள்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, பிறகு ஒத்துக்கொண்டார். ஆள் சுடாமல் வைஸில் பூட்டிச் சுட வேண்டும் என்று முடிவெடுத்ததற்குக் காரணம், அவளுடைய கை ஆட்டம் 2 மி.மீ. இருக்கும்போது குண்டுகளுக்கு இடையே உள்ள அரை மி.மீ. வித்தியாசம் அதற்குள் காணாமல் போய்விடும். சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகத்தான் கூடும். இரண்டும் அரையும் சேர்ந்தால் இரண்டரை வராது, 2.06 தான் வரும்.

எது எந்தக் குண்டு என்று சுடுபவருக்குத் தெரியக்கூடாது என்பது அடுத்த முடிவு. பக்கத்துப் பள்ளியின் கணித ஆசிரியை ஒருவர் நான்கு காலி டின்களில் எண் ஒட்டி, எதில் என்ன என்பதைத் தன் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டார். ஒன்றில் பழைய லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) டின்னிலிருந்து அப்படியே. ஒன்றில் அதே லாட், எடை மட்டும் பார்த்தது. ஒன்றில் அதே லாட், மாமாவின் அச்சில் தள்ளியது. நான்காவதில் வேறொரு லாட், தலை அளவு வேறு, எந்த வேலையும் செய்யாதது. மேட்ச் பெல்லட்டுகள் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு பிரித்துத்தான் விற்பனைக்கு வருகின்றன, எந்த அளவு எந்தப் பேரலுக்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு டின்னுக்கும் பத்துக் குண்டு வீதம் ஐந்து அட்டை, வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். டின் மாற்றும்போதெல்லாம் ஐந்து குண்டு கணக்கில் சேராமல் சுட்டு, அப்புறம் அட்டை மாற்றுவோம். அட்டையை இழுக்கும் கப்பி அன்றைக்கு வேலை செய்யவில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் நடந்து போய் மாட்டி, எண் எழுதி, திரும்பி வர மூன்று நான்கு நிமிடம். வெளியே மழை, தகரக் கூரையில் சத்தம் காதைப் பிளந்தது, கதவு இடுக்கில் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது அட்டைகளை முடித்தோம்.

கண்டது

அட்டைகளை மேசையில் பரப்பி வெர்னியரில் அளக்கும்போது மாமாதான் முதலில் பார்த்தார். "சார், எல்லா அட்டையிலும் ஒரு ஓட்டை தனியா மேலே நிக்குது பாருங்க." எந்த டின் என்ற வித்தியாசமே இல்லாமல், இருபதில் பதினேழு அட்டைகளில் ஒரு குண்டு மற்றவற்றிலிருந்து ஒரு மி.மீ. அளவுக்கு மேலே நின்றது. எந்தக் குண்டு அது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனால் அடுத்த நாள் ஒவ்வொரு குண்டாகப் பார்த்துக்கொண்டே சுட்டோம். அட்டையின் முதல் குண்டு. ரைஃபிள் மூன்று நிமிடம் சும்மா இருந்த பிறகு வரும் குண்டு.

அந்த மேல் ஓட்டையை ஒதுக்கிவிட்டு மற்றதை அளந்தபோது சிதறலின் சராசரிகள் இப்படி வந்தன: பழைய லாட் 2.3 மி.மீ., எடை பார்த்தது 2.2, அச்சில் தள்ளியது 3.1, வேறு லாட் 1.6. ஆசிரியை நோட்டைத் திறந்து படித்தபோது மாமா ஒன்றும் பேசவில்லை. பேரலில் எண்ணெய் ஏறியதால்கூட இருக்கலாம் என்று நான் சொன்னேன், ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, அப்படி நடப்பதற்கு நிஜமாகவே வாய்ப்பு உண்டு. எண்ணெயை முழுக்கத் துடைத்து, பேரலைச் சுத்தம் செய்து மறுபடி ஐந்து அட்டை போட்டோம், 2.8 வந்தது. கொஞ்சம் தேறியது, ஆனால் தொடாத குண்டைவிட மோசம்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஸ்கர்ட்டின் ஒரே பக்கத்தில் எல்லாவற்றிலும் சின்ன நசுங்கல், கம்பி சாய்வாகத் தொட்ட இடம்.

கையால் செய்ததில் ஒன்றே ஒன்று பயன் தந்தது. எடை பார்ப்பதற்காக ஒவ்வொன்றாக எடுத்ததில், ஸ்கர்ட் நசுங்கிய பெல்லட்டுகள் கண்ணில் பட்டன. மலைப்பாதையில் கூரியரில் குலுங்கி வந்த ஒரு டின்னில் 500-க்கு 14 அப்படி இருந்தன. அவற்றை மட்டும் பத்துப் பத்தாக வைஸில் சுட்டபோது சிதறல் 5 மி.மீ.யைத் தாண்டியது. இதற்கு அச்சும் வேண்டாம், தராசும் வேண்டாம், கண் போதும்.

614 எப்படி வந்தது

இதற்கு விடை கிடைத்தபோதுதான் எனக்கு இந்தக் கதை முழுதாகப் புரிந்தது. எலெக்ட்ரானிக் இலக்கு ஒவ்வொரு குண்டுக்கும் நேரத்தைப் பதிவு செய்யும், அவள் பழைய மேட்ச்களின் தாள்களை எடுத்து உட்கார்ந்தோம். பழைய மேட்ச்களில் குண்டுக்கும் குண்டுக்கும் இடையே சராசரி 58 விநாடி, ஆனால் நடுநடுவே இரண்டு, இரண்டரை, மூன்று நிமிட இடைவெளிகள். சந்தேகம் வந்தால் ரைஃபிளை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவாள். அந்த 9.6, 9.8 எல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்ட நீண்ட இடைவெளிக்கு அடுத்த குண்டு, பெரும்பாலும் பன்னிரண்டு மணித் திசையில். 614 போட்ட அன்று சராசரி 41 விநாடி, இரண்டு நிமிடத்தைத் தாண்டிய இடைவெளி ஒரே ஒரு முறை. மாமா செய்த குண்டு என்ற நம்பிக்கையில் அவள் தயங்கவே இல்லை. தயங்காததால் ரைஃபிள் சும்மா நிற்கவில்லை.

நண்பர் ஒருவரிடம் குரோனோகிராஃப் கடன் வாங்கி வேகம் பார்த்தோம். அரை நிமிடத்துக்கு ஒன்று என்று சுடும்போது விநாடிக்கு 171 மீட்டர். மூன்று நிமிடம் விட்டுச் சுட்டால் 177. ரெகுலேட்டரின் உள்ளே வால்வு அமரும் இருக்கை தேய்ந்து, காற்று மெல்லக் கசிந்து முன் அறையில் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அதிக அழுத்தம், அதிக வேகம், குறைந்த இறக்கம். முன்னால் சொன்ன கணக்கிலேயே போட்டால் ஒரு மி.மீ.க்குச் சற்று மேலே விழ வேண்டும், அட்டையிலும் அப்படித்தான் விழுந்தது. சார், மேலே போயிடுச்சு என்று ஒரு வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது முழுக்க உண்மை.

தொடர்ந்து நடந்தவை

ரைஃபிளை கோயம்புத்தூரில் பழுது பார்ப்பவரிடம் அனுப்பி ரெகுலேட்டரின் இருக்கையும் வளையங்களும் மாற்றினோம். வந்த பிறகு மூன்று நிமிடம் விட்டுப் பார்த்தால் 171-க்கு 172. நன்றாகச் சுட்ட அந்த லாட்டின் எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் கிடைத்த பத்து டின்னையும் வாங்கினோம்.

ஆனால் அடுத்த மேட்ச்சில் அவள் 604 போட்டாள். ரைஃபிள் நன்றாக இருந்தது, குண்டு நன்றாக இருந்தது, அவள்தான் நன்றாக இல்லை. மாமாவின் குண்டு கையில் இல்லாதது வெறுங்கையோடு நிற்பது மாதிரி இருந்தது என்று சொன்னாள். நேரத் தாளைப் பார்த்தால் மறுபடி 60 விநாடி, மறுபடி இறக்கி ஏற்றல். எங்களுக்கு இது பாடமாயிற்று, ஏனென்றால் நாங்கள் ஒரு நம்பிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் பயிற்சி முழுக்கத் தாளத்தைப் பற்றியே: தூக்கினால் எட்டுப் பத்து விநாடிக்குள் சுடு, இல்லையென்றால் இறக்கு, இறக்கினால் முப்பது விநாடிக்குள் மறுபடி தூக்கு. குளிர் காலையில் ஜாக்கெட் விறைத்துப்போய் நிற்பதால் பத்து நிமிடம் முன்பே அதைப் போட்டுக்கொண்டு நடப்பதையும் சேர்த்தோம்.

பிப்ரவரியில் 613, மார்ச்சில் 616.8, ஏப்ரலில் 615. புது லாட்டினால் வந்தது எவ்வளவு, ரெகுலேட்டரால் எவ்வளவு, தாளத்தால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முயன்றேன். லாட் மாற்றியதற்குக் கணக்குப்படி 60 குண்டுக்கு ஒன்றரைப் புள்ளி, அச்சில் தள்ளிய குண்டோடு ஒப்பிட்டால் நான்கு. ரெகுலேட்டருக்கு இரண்டு மூன்று. மீதி அவள் உழைப்பு.

மாமா கைவேலையை விடவில்லை, வேறு பக்கம் திருப்பினார். முதலில் செய்த வைஸுக்குத் தோல் ஒட்டிய தாங்கி வைத்து நன்றாக்கினார், இப்போது ரேஞ்சில் எல்லா மாணவர்களும் அதில்தான் லாட் பார்க்கிறார்கள். கூடவே அறுபது குழி உள்ள ஒரு தட்டு செய்தார், பெல்லட் ஸ்கர்ட் மேலே தெரியும்படி உட்காரும், மேட்ச்சுக்கு முன் ஒரு பார்வையில் நசுங்கியதைக் கண்டுபிடித்துவிடலாம். அவள் அந்தத் தட்டில்தான் சுடுகிறாள். அவர் கைவேலை இன்னும் அவளோடு ஸ்டேண்டுக்கு வருகிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

புதிதாக யாராவது குண்டு சரியில்லை என்று வந்தால், முதல் நாளே நேரத் தாளைக் கேட்பேன். எந்தத் திசையில் விழுந்தது, அதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்ற இரண்டு கேள்வியைக் கேட்டிருந்தால் எங்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

குரோனோகிராஃபை வைஸுக்கு முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும். ஐந்து குண்டு அட்டைக்குக் கை தட்டியதை இனி செய்ய மாட்டேன், பத்துக் குண்டு வீதம் ஐந்து அட்டைக்குக் குறைவாக எந்த லாட்டையும் தீர்மானிப்பதில்லை என்று ரேஞ்சில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பெல்லட்டுகளை வைக்கும் இடத்தையும் மாற்றினோம். எங்கள் ஊர் ஈரத்தில், பழைய மர அலமாரிக்குள் மூடி வைத்திருந்த டின்களில் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், மர அலமாரியே இல்லை.

இன்னொன்று, நோட்டைத் திறந்து படித்த அந்த ஞாயிறு. மாமாவுக்கு முடிவைத் தனியாக முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கும்போது 3.1 என்று கேட்க வைத்திருக்கக்கூடாது. பிறகு பட்டறைக்குப் போய்ப் பேசினேன். அவர் ரோலர் பக்கத்தில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்தத் தள்ளும் கம்பி சாய்ந்திருந்ததைத் தானே டயல் வைத்து அளந்து பார்த்துவிட்டதாகச் சொன்னார், நூறில் நான்கு மி.மீ.